செங்கோட்டைக்கு ஒரு டிக்கெட்

போன செவ்வாய்க்கிழமை திருநெல்வேலி ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டேன்.

நேரம் கழித்துப் போனேன் என்று நினைக்க வேண்டாம். நான் போனபோது ரயிலே வந்திருக்கவில்லை. குழாயில் முகம் கழுவினேன். வெற்றிலை போட்டேன். டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். ரயில் வந்தது, நின்றது, ஊதியது, போனது. நான் ஜன்னலுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்!

ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்கள் என்னைப் பெரிய வாயாடி என்று நினைத்திருப்பீர்கள். 'எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு வந்து பேச வேண்டும்' என்று சில அன்பர்கள் எழுதிக் கேட்கிறார்கள். 'காய்ச்சல், வர இயலவில்லை' என்று பதில் போடுவேன். இதுவரை எழுதிய காய்ச்சலெல்லாம் உண்மையாக வந்திருந்தால் நான் என்றோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

விஷயம் இதுதான். எனக்குத் திக்குவாய்.

எழுதும்போது திக்காது. பேசும்போதுதான். அதிலும் எல்லா எழுத்தும் இல்லை. 'அ', 'ஆ' சுகமாக வரும். 'ச' வழுக்கிக்கொண்டு வரும். 'க', 'த', 'ப' மூன்றும்தான் தொண்டைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும். திக்குவாய் என்ற வார்த்தையே 'தி'யில் ஆரம்பிக்கிறது பாருங்கள்... அந்தப் பெயரை வைத்த புண்ணியவானுக்கு நிச்சயமாகத் திக்கியிருக்காது.

நான் இருப்பது தென்காசியில். ஒரு மரக்கடையில் குமாஸ்தா. கடை வேலையாக அடிக்கடி திருநெல்வேலி போய்வர வேண்டும். போகும்போது ஆள் துணை இருக்கும். திரும்பும்போது நானே ஜன்னலில் நின்று 'தென்காசி' என்று சொல்ல வேண்டும். வராது. அதனால் 'செங்கோட்டை' என்பேன்!

செங்கோட்டை அதற்கு அடுத்த ஸ்டேஷன். திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அதாவது, என் வீட்டுக்குப் போக நான் அடுத்த ராஜ்யத்துக்கு டிக்கெட் எடுக்கிறவன்.

தென்காசியில் இறங்கினால் வாசலில் டிக்கெட் வாங்குகிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"ஓய், செங்கோட்டை இன்னும் வரலவே. இது தென்காசி."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்! நான் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

திக்குவதில் எனக்குப் பயமில்லை. எதிரே நிற்பவர் முகம் இருக்கிறதே, அதுதான் பயம். முதலில் அதில் ஒரு சிரிப்பு வரும். பிறகு இரக்கம் வரும். பிறகு அவசரம் வரும். அவசரம் வந்தவுடன் அவரே என் வார்த்தையை முடித்துக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் தப்பான வார்த்தையாக இருக்கும். காப்பி கேட்கப் போய்க் கடலை மிட்டாயோடு திரும்பி வந்திருக்கிறேன். 'இல்லை, இது வேண்டாம்' என்று சொல்லலாம்தான். மறுபடி 'கா'வில் ஆரம்பிக்க வேண்டுமே...

இப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண் பிறந்தாள். என் மனைவி ஆவுடை குற்றாலத்துக்குப் போய் அம்மன் சந்நிதியில் நின்றாள். அந்த அம்மன் பெயர் உங்களுக்குத் தெரியும். குழல்வாய்மொழி. புல்லாங்குழல் போலப் பேச்சு உடையவள்.

"அப்பாவுக்கு வராத பேச்சு பிள்ளைக்காவது வரட்டும்" என்று அதே பெயரை வைத்துவிட்டாள்.

பிள்ளைக்குப் பேச்சு வந்தது. ஆனால் எனக்கு? 'கு'வில் ஆரம்பிக்கிற பெயர். அதுவும் தண்டவாளம் மாதிரி நீளம். பெயர் வைக்கும்போது தகப்பன்தான் பிள்ளையின் காதில் அதைச் சொல்ல வேண்டும். குனிந்தேன். காற்று மட்டும் வந்தது. மேளக்காரர் அந்த நேரம் பார்த்துக் கெட்டியாகக் கொட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் எனக்கு 'அம்மாளு'. அவள் வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், தாவணி போட்டு, கல்யாணப் பேச்சு எடுக்கிற வயது வரைக்கும் அம்மாளுதான். அவளுடைய பெயரை ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

வடகரையிலிருந்து வரன் வந்தது. வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற குடும்பம். மாப்பிள்ளை பெயர் சுப்பையா. 'சு' ஆயிற்றே, அந்த மட்டும் நிம்மதி! பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பனார்தான் எல்லாப் பேச்சும் பேசினார். வயலில் இந்த வரப்பில் நின்று அந்த வரப்புக்குப் பேசிப் பழகியவர். கூடத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். என்னிடம் எத்தனையோ கேட்டார். நான் தலையாட்டினேன். சிரித்தேன். கும்பிட்டேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நாலு நாள் கழித்து என் மச்சினன் ஆறுமுகம் வேகு வேகென்று வந்தான்.

"அத்தான், காரியம் கெட்டுது. வடகரையில கோவமா இருக்காவ."

"ஏன்?"

"நீங்க வாயே தொறக்கலியாம். 'வயக்காட்டுக்காரன்தானேன்னு எளக்காரமா? பொண்ணைப் பெத்தவருக்குச் சம்மதமில்லாம நாங்க எதுக்கு வந்து காப்பி குடிக்கணும்'னு கேக்காவ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்ததை அவர்கள் கர்வம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

"இப்ப என்ன சொல்லுதாவ?" என்று கேட்டாள் ஆவுடை.

"நிச்சயத்தன்னைக்கு அத்தானே சபையில எந்திரிச்சு நிக்கணுமாம். பொண்ணு பேரைச் சொல்லி, இன்னாருக்குத் தாரேன்னு சொல்லணுமாம். அவரு வாயால கேட்டாத்தான் தாம்பாளத்தைத் தொடுவேங்காரு மாப்பிள்ளையோட அப்பா."

எங்கள் பக்கத்தில் வழக்கமும் அதுதான். பெண்ணின் தகப்பன் சொல்ல முடியாவிட்டால் தாய்மாமன் சொல்லலாம். ஆறுமுகம் அதற்குத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் இப்போது அவன் சொன்னால் நான் பெண் கொடுக்க மனமில்லாமல் இருக்கிறேன் என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

"திக்குதுன்னு சொல்லிற வேண்டியதுதானே?" என்றாள் ஆவுடை.

"கெடுத்தே போ! ரத்தத்துல ஓடுதும்பாவ. பேரப்பிள்ளைக்கும் வரும்னு பயப்படுவாவ. மூச்சு விடக்கூடாது."

இவ்வளவு நேரமும் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த அம்மாளு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மாமா, மறைச்சு வச்சே நான் அங்கன போயி இருக்கணுமா? நாளைக்கு அப்பா என்னைப் பாக்க வந்தா வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கணுமா? அப்பா திக்கியே சொல்லட்டும். அவியளுக்குப் பிடிக்கலேன்னா போகட்டும்."

"ஏட்டி, நீ சும்மா இரு" என்றான் ஆறுமுகம்.

அவள் சும்மா இருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "அப்பா, எனக்கும் கேக்கணும்னு இருக்கு."

அவ்வளவுதான். எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஆறுமுகம் வேலை செய்வதும் நான் இருக்கிற மரக்கடையில்தான், மரம் அறுக்கிற மிஷினில். அவன் ஒன்றைக் கவனித்திருக்கிறான்.

"மிஷின் ஓடும்போது நீங்க நல்லாத்தானே அத்தான் பேசுதீய? மிஷின் நின்னாத்தான் திக்குதீய."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்! சின்ன வயதில் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போதும் எனக்குத் திக்காது. வாத்தியார் என்னை மட்டும் எழுப்பிக் கேட்டால்தான் ஏழாம் வாய்ப்பாடு முதல் வரியிலேயே நின்றுபோகும்.

"அப்போ, சத்தம் இருந்தா வருது. வாங்க குற்றாலத்துக்கு" என்றான்.

சாரல் காலம். கரி பஸ்ஸில் போனோம். நடந்து போயிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம். யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தாலும் வந்தது, கரிப் புகையில் ஓடுகிற பஸ் மேட்டைப் பார்த்தால் எனக்கு மேல் திக்குகிறது! பேரருவியில் கூட்டம். ஆண்கள் எல்லாரும் உடம்பெல்லாம் எண்ணெயும் அரைத்துணியுமாக, யார் எந்த ஊர் என்று தெரியாமல் வழுவழுவென்று நின்றார்கள்.

"உள்ளே போயி நின்னு கத்துங்க. யாருக்கும் கேக்காது" என்று என் முதுகைப் பிடித்துத் தள்ளினான்.

தண்ணீர் மண்டையில் விழுந்தது. காதில் அருவியைத் தவிர வேறு எதுவும் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"குழல்வாய்மொழி!"

வந்துவிட்டது. அப்படியே முழுசாக! எனக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி கத்தினேன். மறுபடியும் வந்தது. சந்தோஷத்தில் கையிரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினேன்.

யாருக்கும் கேட்காது என்று ஆறுமுகம் சொன்னது தப்பு. பக்கத்தில் நின்ற பெரியவருக்குக் கேட்டுவிட்டது. அவர் என்ன நினைத்திருப்பார்? அம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மனுஷன் அருவியில் நின்று கையைத் தூக்கிக்கொண்டு அம்மன் பெயரைச் சொல்லிக் கதறுகிறான்... அவரும் கையைத் தூக்கினார். "அம்மா! குழல்வாய்மொழி!" அடுத்தவர் பிடித்துக்கொண்டார். அவருக்கு அடுத்தவரும். ஒரு நிமிஷத்தில் அருவிக்கரையில் பாதிப் பேர் என் மகளின் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்!

நானும் அவர்களோடு சேர்ந்து சொன்னேன். தண்ணீர் கண்ணில் அடித்ததால் நான் அழுததும் யாருக்கும் தெரியவில்லை.

வெளியே வந்து, தலையைத் துவட்டி, கோயில் வாசலில் நின்று ஆறுமுகம் சொன்னான். "இப்ப சொல்லுங்க, பாப்போம்."

"க்... கு... கு..."

கதவு சாத்திக்கொண்டுவிட்டது.

அவன் அருவியைத் திரும்பிப் பார்த்தான். "இதைக் கூட்டிக்கிட்டா அத்தான் வீட்டுக்குப் போக முடியும்?"

நிச்சயதாம்பூலத்தன்று கூடம் நிறைய ஆட்கள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள். எல்லாம் இருந்தது, அருவிதான் இல்லை. சபையில் மூத்தவர் ஒருவர், "பொண்ணைப் பெத்தவரு சொல்லட்டும்" என்றார். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கூடத்தில் இருந்த சத்தமெல்லாம் அடங்கியது. எனக்கு வேண்டாதது அதுதானே?

"என் மகள்... க்... க்... கு..."

முதலில் சிரிப்பு வந்தது. பின்வரிசையில் யாரோ ஒரு பையன்தான். பிறகு இரக்கம். பிறகு அவசரம். நான் பயந்த அத்தனை முகங்களும் வரிசையாக வந்தன.

அப்போது ஆறுமுகம் ஒரு காரியம் செய்தான். சட்டென்று கையைத் தூக்கி, "அம்மா..." என்று சாமி கூப்பிடுகிற மாதிரி இழுத்தான். எங்கள் பக்கத்து ஆட்களிடம் அப்படி இழுத்துவிட்டால் போதும், மீதி தானாக வரும். கூடமே சேர்ந்து, "குழல்வாய்மொழி!" என்று முழங்கியது. அந்த முழக்கத்துக்குள் என் குரலும் இருந்தது. சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல்!

முடிந்தது என்று பெருமூச்சு விட்டேன். ஆறுமுகம் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வே, அது அம்மன் பேருல்லா?" என்றார் வடகரைக்காரர், மாப்பிள்ளையின் தகப்பனார். "அம்மனையா எங்க வீட்டுக்கு அனுப்புதீய? பொண்ணு பேரும் அதுவாவே இருக்கட்டும், பெத்தவரு தனியாச் சொல்லணும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. மறுபடியும் அமைதி.

"க்... க்..."

"அய்யோ, திக்குவாயா?" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் கிசுகிசுத்தது. மாப்பிள்ளையின் அத்தை. ஆறுமுகம் பதறிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அத்தான் சொல்ல வந்தது என்னன்னா..."

"நீரு சும்மா இரும்வே" என்றார் வடகரைக்காரர். அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் என்னைப் பற்றித் தப்பாக எண்ணியிருந்தோம் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியிருக்க வேண்டும். அவர் குரல் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தாழ்ந்தது. "சம்பந்தி, மெதுவாச் சொல்லுங்க. எங்களுக்கு என்ன ரயிலா பிடிக்கணும்? மாடு ரெண்டும் வாசல்ல வைக்கோல் தின்னுக்கிட்டுக் கிடக்கு. அது நிதானமாத் திங்கட்டும்."

பிறகு ஒருவரும் பேசவில்லை. யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. வெற்றிலை மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

உள் அறை வாசலில் என் மகள் வந்து நின்றாள். அந்த நேரத்தில் பெண் வெளியே வரக்கூடாது. வந்து நின்றாள். நான் பாதி சொன்னால் மீதி என்ன என்று வீட்டில் முதலில் கண்டுபிடிக்கிறவள் அவள்தான். அன்று உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மகள்... கு... கு... குழ... குழல்வாய்... மொழியை..."

மொழியை என்றதும் மீதியெல்லாம் உருண்டோடி வந்துவிட்டது. சுப்பையாவுக்குத் தருகிறேன், எனக்குப் பூரண சம்மதம், எல்லாம்!

வடகரைக்காரர் எழுந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். அத்தை மட்டும் விடவில்லை. "பிள்ளைகளுக்கும் வருமோ என்னமோ" என்றாள்.

"வரட்டும்" என்றார் அவர், பழைய குரலில். "நம்ம வீட்டுல எல்லாருக்கும் வாய் ஜாஸ்தி. கொஞ்சம் குறைஞ்சா நல்லதுதான்!"

இத்தனை வருஷமாக எனக்கு உதவி செய்யாதவர்களே கிடையாது. எல்லாரும் ஓடிவந்து என் வார்த்தையை முடித்துக் கொடுத்தவர்கள்தான். அவர்கள் முடிக்க முடிக்க நான் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். அன்று ஒரு கூடம் நிறைய மனுஷர்கள் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

எல்லாரும் போன பிறகு, சூடு ஆறுவதற்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. அடுக்களைப் பக்கம் பார்த்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்சம் திக்கியது. ஆனால் வந்தது. அவள்தான் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்டது.

"ஏட்டி, அப்பா கூப்பிடுதாவல்லா?" என்றாள் ஆவுடை.

"என்னையா?" என்று ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அப்பா வேற யாரையோ கூப்பிடுதாவன்னு நினைச்சேன்!"

சரி, ரயிலுக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை கல்யாணப் புடவை எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தேன். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் கிளார்க் கையில் டிக்கெட்டை எடுத்துவிட்டார்.

"செங்கோட்டைதானே?"

"இல்லை" என்றேன். "தெ... தெ..."

"தென்மலையா?"

"இல்லை. தெ..."

"அண்ணாச்சி, வண்டி வந்துட்டு! ஏதாவது ஒரு ஊரைச் சொல்லும்வே!" என்றார் எனக்குப் பின்னால் நின்றவர். 'செங்கோட்டை' நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன். சொல்லவில்லை. வண்டி ஊதிய பிறகுதான் என் ஊர் முழுசாக வெளியே வந்தது.

பின்னால் நின்றவரும் என்னால் வண்டியை விட்டார். இந்தப் பக்கத்தை அவர் படித்தால் மன்னித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தை நீட்டினார்.

"வண்டிச் சத்தத்துல கேக்கலே, எந்த ஊருக்குன்னு நிதானமாச் சொல்லும். இனிமே என்ன அவசரம்?"

அடுத்த வண்டியில் தென்காசி வந்து இறங்கினேன். வாசலில் நின்றவர் டிக்கெட்டை வழக்கம்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான்வே நீரு சரியான ஊர்ல இறங்கியிருக்கீரு!"